தாழ்ந்த சீலிங், இருண்ட ஹால்: மொபைல் ஹோமில் வெளிச்சத்துக்கு எதில் பணம் போடலாம்?

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, சன்னிவேல் பக்கம் தனி வீட்டின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டி வெகுகாலமாகிறது. அதனால் நம் ஆட்களில் சிலர் மொபைல் ஹோம் பார்க்குகளையும், அதாவது தொழிற்சாலையில் செய்த வீடுகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடங்களையும், எட்டிப் பார்க்கிறார்கள். வீடு நம்முடையது, அது நிற்கும் இடத்துக்கு மாத வாடகை. விலை கட்டுப்படியாகும், ரூம்களும் பரவாயில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் வாயில் வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன, பகல்லயே இப்படி இருட்டா இருக்கு?"

இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வீட்டு ஏஜென்ட் கூரையில் ஒரு ஸ்கைலைட், அதாவது கண்ணாடி ஜன்னல், போட்டால் சரியாகிவிடும் என்பார். எலக்ட்ரீஷியன் சீலிங் முழுக்க விளக்கு பதிக்கச் சொல்வார். ஜன்னல் விற்பவர் ஜன்னலை மாற்றச் சொல்வார். எதுவும் தப்பில்லை. ஆனால் தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்துவந்து நிறுத்திய வீட்டில் இவற்றின் செலவும் சிக்கலும் வேறு மாதிரி. என்னைக் கேட்டால், பெயின்ட்டும் ப்ளக்கில் செருகும் விளக்கும் என்ன பலன் தருகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கூரையிலோ சுவரிலோ ஓட்டை போடுவதைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்க வேண்டும்.

இருட்டு எங்கிருந்து வருகிறது

1976 ஜூன் 15க்குப் பிறகு செய்த வீடுகள் எல்லாம் ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் விதிக்கு உட்பட்டவை. அவற்றைத்தான் முறைப்படி மேனுஃபாக்சர்டு ஹோம் என்கிறார்கள். அதற்கு முந்தியவை மொபைல் ஹோம். பேச்சில் இரண்டும் ஒன்றுதான். அந்த விதிப்படி ஹால், பெட்ரூம் போன்றவற்றில் தரைப்பரப்பில் 8 சதவீதம் கண்ணாடி இருந்தால் போதும். 12க்கு 15 அடி ஹால் என்றால் 180 சதுர அடி. அதற்கு வேண்டியது பதினாலரை சதுர அடிக்கும் குறைவான கண்ணாடி, அதாவது மூன்றடிக்கு ஐந்தடி ஜன்னல் ஒன்றே ஒன்று. கிச்சன், பாத்ரூம் இரண்டையும் ஜன்னலே வைக்காமல் விளக்கைக் கொண்டே ஒப்பேற்றலாம் என்கிறது விதி.

சீலிங் 7 அடி உயரம் இருந்தாலே விதிக்குப் போதும். புதிய மாடல்களில் எட்டு, ஒன்பது அடி வருகிறது. 70, 80களில் செய்தவற்றில் ஏழு, ஏழரைதான். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வெளிச்சம் ரூமுக்குள் ஆழமாகப் போகும். சீலிங் தாழ்ந்தால் ஜன்னலும் தாழும், வெளிச்சம் ஜன்னலோரத்திலேயே நின்றுவிடும். இரண்டு பாதிகளாக வந்து நடுவில் இணைத்த டபுள்-வைடு வீட்டில் அந்த இணைப்பை ஒட்டிய இடம் இரண்டு பக்க ஜன்னலுக்கும் தூரம்.

போதாக்குறைக்கு ஒரு பக்கம் கார் நிறுத்த அலுமினியத் தகட்டுக் கூரை, மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீடு. கார்போர்ட் பக்க ஜன்னலில் நின்று பார்த்தால் ஒரு துண்டு வானம்கூடத் தெரியாது. வானம் தெரியாத ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதிகம் வெளிச்சம் தராது.

உள்ளே வந்தால் சுற்றிலும் அடர் பழுப்பில் மர பேனல். அப்புறம், ஹாலிலும் பெட்ரூமிலும் சீலிங் விளக்கே இருக்காது. நம்மூரில் சுவிட்சைத் தட்டினால் ட்யூப்லைட் எரியும். இங்கே சுவிட்ச் ஒரு ப்ளக் பாயின்ட்டை இயக்கினாலே மின்விதிக்குப் போதும். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தச் சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்துவிட்டு 'இது வேலை செய்யல' என்று விட்டுவிடுவதும் உண்டு. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ப்ளக்கின் பாதி அந்தச் சுவிட்சில்தான் இருக்கும்.

ஆக, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பகலில் இருட்டா, இரவில் இருட்டா? ஸ்கைலைட் இரவுக்கு உதவாது. விளக்கு பகலுக்கும் உதவும், ஆனால் நாள் முழுக்க எரிய வேண்டும். இரண்டு நேரத்துக்கும் சேர்த்து, கரண்ட் செலவில்லாமல் பலன் தருவது சுவரின் நிறம் மட்டும்தான்.

சுவர்: செலவு கம்மி, உழைப்பு அதிகம்

பழைய பழுப்பு பேனல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்து, பதினைந்து சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். நல்ல வெள்ளை பெயின்ட் எண்பதுக்கு மேல் தரும். பெயின்ட் கடையில் பல நிறச் சீட்டுகளின் பின்னாலும் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதுதான் இந்தக் கணக்கு. 75க்கு மேல் இருக்கிற எதை எடுத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சுத்த வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பவர்கள் கொஞ்சம் கிரீம் கலந்ததை எடுக்கலாம், பெரிதாக ஒன்றும் குறையாது.

பெயின்ட்டைவிட அதற்கு முந்திய வேலைதான் முக்கியம். பேனலில் பல வருட எண்ணெய்ப்பிசுக்கு, மெழுகு, சிகரெட் புகை எல்லாம் படிந்திருக்கும். பிசுக்கு நீக்கும் திரவத்தால் துடைத்து, லேசாக உப்புத்தாள் தேய்த்து, ஷெல்லாக் பிரைமரோ எண்ணெய்ப் பிரைமரோ ஒரு கோட் அடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நேரே வெள்ளை அடித்தால் சில வாரங்களில் மஞ்சள் கறை மேலே வந்துவிடும். பிரைமர் நாற்றம் தலைவலி தரும், ஜன்னலெல்லாம் திறந்துவைக்கிற நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

80களுக்குப் பிந்தைய வீடுகளில் மர பேனலுக்குப் பதில் பூப்போட்ட வினைல் ஒட்டிய ஜிப்சம் பலகை இருக்கும். பலகைகள் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு பட்டை ஓடும். பலர் அந்தப் பட்டைகளைப் பிடுங்கி, இடைவெளியைப் பூசி மறைத்து, சாதாரண வீட்டுச் சுவர் போல ஆக்கப் பார்க்கிறார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் இந்த வீடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பூசிய இடம் விரிசல் விடும். பட்டையை அப்படியே விட்டு அதன்மேலும் பெயின்ட் அடிப்பது நல்லது. ஒரே நிறம் வந்துவிட்டால் கண் பட்டையைத் தேடாது.

நான் சொன்ன 12க்கு 15 ஹாலுக்கு இரண்டு கேலன் பெயின்ட், ஒரு கேலன் பிரைமர், ரோலர், டேப் எல்லாம் சேர்த்து 250 டாலருக்குள் முடியும், வேலை நம்முடையது என்றால். ஆள் வைத்தால் முழு வீட்டுக்குச் சில ஆயிரம். 1978க்கு முந்திய வீடு என்றால் பழைய பெயின்ட்டைத் தேய்க்கும் முன் ஈயச் சோதனை செய்துவிடுங்கள். அந்தக் காலத்துச் சொரசொரப்பான சீலிங்கைச் சுரண்டவே வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டாமல் அதன்மேல் வெள்ளை அடிக்கலாம்.

ப்ளக்கில் செருகும் விளக்கு

வாட்டை மறந்துவிட்டு, வெளிச்சத்தின் அளவான லூமென்னில் கணக்குப் போடுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 800 லூமென். ஹாலுக்குச் சதுர அடிக்கு 20 லூமென் என்று வைத்தால் 180 சதுர அடிக்கு 3600. அதாவது நாலைந்து குண்டு பல்பு. பெரும்பாலான மொபைல் ஹோம் ஹாலில் மூலைக்கு ஒரு மேசை விளக்கு, அதற்குத் தடித்த துணி மூடி. இருட்டாக இல்லாமல் என்ன செய்யும்?

இங்கே எனக்குப் பிடித்தது மேல்நோக்கி வெளிச்சம் அடிக்கும் எல்இடி ஸ்டாண்ட் விளக்குதான். 50 முதல் 80 டாலருக்குள் 2000 லூமென்னுக்கு மேல் தருபவை கிடைக்கின்றன. வெளிச்சம் வெள்ளைச் சீலிங்கில் பட்டு ரூம் முழுக்கப் பரவும். சீலிங் பளிச்சென்று இருந்தால் ஏழடி உயரமும் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வைத்தால் ஹாலுக்கு இரவில் வேறு எதுவும் தேவைப்படாது. விளக்கின் தலை சீலிங்கை இடிக்கிற மாதிரி இருந்தால் மட்டும் அது ஒத்துவராது, ஒரே வட்டமாகப் பளீரென்று அடிக்கும். ஒன்றரை அடி இடைவெளியாவது வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: சுவர்ச் சுவிட்சை அணைத்துப் போட்டால் விளக்கு தானாக எரிகிறதா? தொட்டு இயக்கும் விளக்குகள் பலவும் எரியாது, ஒவ்வொரு முறையும் போய்த் தொட வேண்டும். இன்னொன்று, அந்தச் சுவிட்சுக்குப் பதிலாக டிம்மர் போடக் கூடாது. ப்ளக் பாயின்ட்டை டிம்மரில் இணைப்பதை மின்விதி தடுக்கிறது, நாளை யாராவது அதில் வேக்குவம் க்ளீனரைச் செருகுவார்கள். விளக்கிலேயே டிம்மர் இருப்பதாக வாங்கிக்கொள்ளலாம்.

விளக்கின் நிற விஷயத்தில் நமக்கும் அமெரிக்கர்களுக்கும் ஒத்துப்போகாது. 6500 கெல்வின் ட்யூப்லைட்டில் வளர்ந்த கண்ணுக்கு இவர்களுடைய 2700 கெல்வின் மஞ்சள், கரண்ட் குறைவாக வருகிற மாதிரித் தெரியும். கடையில் 'டேலைட்' என்று எழுதிய 5000 கெல்வினை உடனே எடுத்துவிடத் தோன்றும். பழுப்பு பேனலில் அது சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். ஹாலுக்கு 3000 அல்லது 3500, கிச்சனுக்கு 4000 என்பது நடுவழி. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருந்தால் சாம்பாரும் சாம்பார் நிறத்தில் தெரியும்.

மின்கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 10 வாட் எல்இடி தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 18 யூனிட் சொச்சம். யூனிட் 40 சென்ட் என்று வைத்தாலும் ஏழு டாலர்தான்.

கிச்சனில் பழைய ட்யூப்லைட் பெட்டி இருந்தால் முதலில் அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் தட்டுதான் பாதி வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். ஹார்ட்வேர் கடையில் அதே அளவில் வெட்டித் தருவார்கள். இந்தக் கட்டுரையில் உள்ளதிலேயே மலிவான வேலை இதுதான்.

சீலிங்கில் பதிக்கும் விளக்கு

டப்பா மாதிரி உள்ளே போகும் பழைய பாணி கேன் விளக்குக்கு மேலே ஏழெட்டு இன்ச் இடம் வேண்டும். மொபைல் ஹோமின் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, அதுவும் சுவரோரங்களில், அவ்வளவு இடம் கிடையாது. இருக்கிற இடத்தையும் இன்சுலேஷன் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் அரை இன்ச் தடிமனில் வரும் வேஃபர் விளக்குதான் பொருந்தும். இன்சுலேஷன் தொட்டாலும் ஆபத்தில்லை, காற்று கசியாது என்று இரண்டு சான்றும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

விளக்கு மலிவுதான், ஒன்று 10, 15 டாலர். சிக்கல் ஒயரில். சாதாரண வீட்டில் பரணில் ஏறி ஒயர் இழுத்துவிடுவார்கள். இங்கே பரணும் இல்லை, ஏற வழியும் இல்லை. சீலிங்கில் ஆங்காங்கே வெட்டித்தான் இழுக்க வேண்டும், கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டம் ஒவ்வொன்றும் குறுக்கே நிற்கும். கூலியோடு சேர்த்தால் ஒரு விளக்குக்கு 200 டாலரைச் சுலபமாகத் தாண்டும். சுவிட்சும் ப்ளக்கும் பல வீடுகளில் பின்னால் பெட்டி இல்லாத ரகம், சாதாரண சுவிட்ச் போட வேண்டுமானால் பெட்டி வைக்க வேண்டும். 60களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் செய்த வீடு என்றால் அலுமினிய ஒயராகவும் இருக்கலாம். 1972க்கு முந்திய அலுமினிய ஒயர் உள்ள வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு, தாமிர ஒயர் வீடுகளைவிட 55 மடங்கு என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் புது விளக்கைப் பற்றி யோசிக்கும் முன் பழைய இணைப்புகளைச் சரிசெய்யத்தான் பணம் போக வேண்டும்.

இவ்வளவு செய்தும், ஏழடி சீலிங்கில் வேஃபர் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். தரை பளிச்சென்று இருக்கும், சுவர் இருட்டாகவே இருக்கும். கிச்சன் மேடைக்கும் பாத்ரூம் கண்ணாடிக்கும் போடலாம். ஹாலுக்கு எனக்கு மனசு வரவில்லை.

கூரை வழியாக வெயில்

நம்மூர் ஓட்டு வீட்டில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பார்களே, அந்த வேலையைத்தான் சன் டனல் செய்கிறது. கூரையில் ஒரு பிளாஸ்டிக் குமிழ், உள்ளே கண்ணாடி போல மின்னும் குழாய், சீலிங்கில் ஒரு வட்ட மூடி. 10 இன்ச் குழாய் 150 முதல் 200 சதுர அடிக்குப் போதும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அதில் பாதியை நம்பினாலும் நடைவழிக்கும் பாத்ரூமுக்கும் தாராளம்.

ஸ்கைலைட்டோடு ஒப்பிட்டால் மொபைல் ஹோமுக்கு இதுதான் சரி. டிரஸ்கள் 16 அல்லது 24 இன்ச் இடைவெளியில் நிற்கும். 10 இன்ச் குழாய் எதையும் வெட்டாமல் நடுவில் இறங்கிவிடும், 14 இன்ச் குழாய் 16 இன்ச் இடைவெளியில் நெருக்கடிதான். பெரிய ஸ்கைலைட் என்றால் டிரஸ்ஸை வெட்ட வேண்டிவரும். இந்த வீட்டு டிரஸ்கள் மெல்லிய சட்டங்களை உலோகத் தகட்டால் இணைத்தவை, ஒன்றை வெட்டினால் சுமை முழுக்க இடம் மாறும். பொறியாளர் கையெழுத்து இல்லாமல் தொடக் கூடாது. கூரையும் சீலிங்கும் நெருக்கமாக இருப்பது இங்கே நமக்கு லாபம், குழாய் குட்டையாக இருக்க இருக்க வெளிச்சம் வீணாகாமல் இறங்கும்.

ஆளோடு சேர்த்து ஒரு குழாய்க்கு ஆயிரம் டாலரை ஒட்டி ஆகும். ஒழுகல்தான் பயம். சாய்வு குறைந்த உலோகக் கூரையில் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும், அதனால் அந்தக் கூரைக்கென்றே செய்த ஃப்ளாஷிங், அதாவது ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் தகடு, வேண்டும். பசையை அப்பிச் சமாளிக்கிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். சீலிங் பக்கமும் வட்டத்தைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்காவிட்டால், குளிர்காலத்தில் வீட்டின் ஈரக்காற்று மேலே போய்த் தண்ணீராகிச் சொட்டும். அதைக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே பசை பூசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஜன்னல், கதவு, கார்போர்ட்

பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை எடுத்து அதே அளவில் இரட்டைக் கண்ணாடி வைத்தால் குளிர் குறையும், சத்தம் குறையும். வெளிச்சமும் குறையும்! வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், புது ஃபிரேம் பழையதைவிடத் தடிமன். வெளிச்சத்துக்காக மட்டும் இதைச் செய்வது வீண். வேறு காரணத்துக்காக மாற்றுவதானால் லேபிளில் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதைச் சொல்லும் விடி என்ற எண் 0.5க்கு மேல் இருப்பதைக் கேளுங்கள்.

ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அகலத்தில் கை வைக்காமல் கீழ்நோக்கி இறக்குங்கள். இந்த வீட்டில் கூரைச்சுமை நீளப்பக்கச் சுவர்களில்தான் இறங்குகிறது, அகலமாக்கினால் மேலே புது உத்தரம் வேண்டும். கீழ்நோக்கி நீட்டினால் பழைய உத்தரம் அப்படியே நிற்கும். வெளிச்சம் ஆழமாகப் போவது மேல்விளிம்பைப் பொறுத்தது என்பதால் இதன் பலனும் ஓரளவுக்குத்தான். முனைப்பக்கக் குட்டைச் சுவரில் சுமை குறைவு, எதிரே வீடும் இருக்காது, வானமும் தெரியும். புது ஜன்னல் ஒன்றே ஒன்று வைப்பதானால் நான் அங்கேதான் வைப்பேன். ஆனால் காற்று தள்ளும்போது வீட்டைக் கோணாமல் பிடித்து நிறுத்துவதும் அந்தச் சுவர்தான், அதனால் வரைபடமும் அனுமதியும் தேவை.

யாரும் அதிகம் சொல்லாத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூடின வாசல்கதவை எடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் கண்ணாடி உள்ள கதவு வைப்பது. இந்த வீட்டுக் கதவுகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் திறப்பவை, அளவும் வேறு, சாதாரணக் கதவு பொருந்தாமல் போகலாம். இன்னொன்று, கார்போர்ட் கூரையில் ஜன்னலுக்கு மேலே வரும் தகடுகளை மட்டும் எடுத்துவிட்டு வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் தகடு போடுவது. கார்போர்ட் பக்கம்தான் உங்கள் ஹால் என்றால், உள்ளே ஒரு ஆணிகூட அடிக்காமல் பகல் வெளிச்சம் கூடும்.

எவ்வளவு நாள் இருக்கப் போகிறோம் என்பதும் இதில் முக்கியம். இரண்டு மூன்று வருடம்தான் என்றால் பெயின்ட், இரண்டு ஸ்டாண்ட் விளக்கு, கிச்சன் மூடி, மொத்தம் 500 டாலருக்குள் நிறுத்திக்கொள்ளலாம். போகும்போது விளக்கையும் எடுத்துக்கொண்டு போகலாம். பத்து வருடம் என்றால் அதோடு நடைவழிக்கு ஒரு சன் டனல், கார்போர்ட் தகடு. வேஃபர் விளக்கு அதற்கும் அப்புறம். கூரையையே எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் வரிசை மாறும், சன் டனலை அந்த வேலையோடு சேர்த்துச் செய்தால் கூலியும் மிச்சம், ஒழுகலுக்குப் பொறுப்பும் ஒரே ஆள்மேல்.

அனுமதி விஷயத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு குழப்பம் உண்டு. வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி தருவது நகராட்சி இல்லை, எச்சிடி எனப்படும் மாநில வீட்டுவசதித் துறை. சுவர் பெயின்ட்டுக்கும் ப்ளக் விளக்குக்கும் யாரையும் கேட்க வேண்டாம். புது ஒயர், கூரை ஓட்டை, ஜன்னல் என்று வந்தால் கேட்க வேண்டும். வெளியே தெரியும் எதற்கும் பார்க் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். வேறு மாநிலங்களில் இந்தப் பொறுப்பு வேறு அலுவலகத்திடம் இருக்கும்.

இன்னும் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால், ஏற்கெனவே ஸ்கைலைட் போட்ட வீட்டைப் பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம். அதைச் சுற்றிச் சீலிங்கில் பழுப்பு வளையம் தெரிகிறதா, விரலால் அழுத்தினால் பலகை அமுங்குகிறதா என்று பாருங்கள். அந்த இடம் மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் இன்னும் கவனம். எச்சிடி அனுமதித் தாளைக் கேளுங்கள். அனுமதி வாங்காமல் போட்டிருந்தால், அதைச் சரிசெய்யும் செலவை விலையில் குறைக்கச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசலாம்.